ஹகோனேயில் கறுத்த சகுரா

பதிப்பாளர் கடையின் தலைமைக் குமாஸ்தா ஜின்பாச்சி எப்போதும் வாசலில் நின்று ஒரு கிண்டலாவது பேசிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அன்று பேசவில்லை. உள்ளே வந்து துணி மூட்டையை அவிழ்த்தார். அதிலிருந்த தாள்களை அச்சுக்காரர் ரிஹெய்யின் முன்னால் பாயின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

சுமிதா ஆற்றங்கரைப் படம். அந்த வசந்தத்துக்கென்று ரிஹெய்யின் பட்டறையில் அச்சானது. ஆறு நீலமாகவே இருந்தது. படகும், கரைமேல் நடந்து போகும் பெண்களும், தூரத்துக் கோயில் கூரையும் அச்சடித்த அன்று இருந்தபடியே இருந்தன. கரை நெடுகப் பூத்திருந்த சகுரா மட்டும் கறுத்திருந்தது. மை கொட்டிய கறுப்பு அல்ல. கொத்துக் கொத்தாக, இதழ் இதழாக, தணலில் வாட்டி எடுத்தது போன்ற கறுப்பு.

இடது மூலையில் ஒரு சிறு கட்டத்துக்குள் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. அச்சு, ரிஹெய்.

"ஹகோனேலேருந்து திரும்பி வந்துச்சு," என்றார் ஜின்பாச்சி. "வெந்நீர் ஊத்து விடுதில அறைக்கு அறை மாட்டினாங்களாம். ஒரு அரிசி வியாபாரியோட அப்பா, உடம்பு சரியில்லாம குளிக்க வந்தவரு, படுத்த இடத்துலேருந்து இதையே பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. பூ நாளுக்கு நாள் கறுத்துக்கிட்டே வந்துச்சாம். எனக்கு நேரம் வந்துடுச்சுன்னு அழ ஆரம்பிச்சுட்டாராம். குடும்பத்தோட மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. விடுதிக்காரர் எங்க முதலாளி முகத்துல இதை விட்டெறியாததுதான் குறை."

"இங்க எடோ நகரத்துல வித்தது?"

"அதெல்லாம் பூ மாதிரி இருக்கு. கடைசியா அடிச்சு ஹகோனேக்கு அனுப்பினதுக்கு மட்டும்தான் இந்தக் கதி. இது யாரு கை, பெரியவரே?"

அப்போது ரிஹெய்யின் மகள் ஓநுயி தேநீர்த் தட்டோடு வந்தாள். பாயில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். அவள் கை தானாகத் தலைக்குப் போய் வெள்ளிக் கொண்டை ஊசியைத் தொட்டது. ஹகோனேக்குப் போகும் பெண்கள் மலையேறும் முன்பே வெள்ளி ஊசியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அங்கே வீசும் கந்தகக் காற்று பட்டால் வெள்ளி ஒரே நாளில் கரியாகிவிடும். ஓநுயி அப்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பார்வையில் ரிஹெய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதும் விளங்கியது.

சகுராவின் வெளிர்சிவப்பைக் குசும்பாச் சிவப்போடு சிப்பிச் சுண்ணம் கலந்து எடுப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். கடைசித் தாள்களை அடித்த அன்று சுண்ணம் தீர்ந்துவிட்டது. மழையில் ஆறு பெருகிப் பாலத்தை மூடியிருந்தார்கள். சுண்ணக் கடை அக்கரையில். மறுநாள் காலையில் ஹகோனேக்குச் சரக்குக் குதிரை கிளம்ப வேண்டும். மருமகன் டொமெசோ தன் தாயின் நினைவு நாள் பூசைக்காகச் சொந்த ஊரான செஞ்சுவுக்குப் போயிருந்தான். ரிஹெய் மகளின் அலங்காரப் பெட்டியைத் திறந்து, அவள் முகத்துக்குப் பூசும் வெள்ளை மாவை எடுத்துக் கலந்தார். வெள்ளை எல்லாம் வெள்ளைதானே என்று நினைத்தார். அது ஈயத்தில் செய்த மாவு, கந்தகக் காற்று பட்டால் வெள்ளியைப் போலவே கறுத்துவிடும். அதைப் பூசிக்கொண்டும் பெண்கள் ஹகோனேக்குப் போவதில்லை. ஆனால் அது பெண்களுக்குத் தெரிந்த விஷயம். பட்டறையில் யாருக்கும் தெரியாது.

அன்று தாளில் விழுந்த நிறத்தை ரிஹெய்யால் மறக்க முடியாது. குளித்து வந்த இளம்பெண்ணின் கழுத்து போல இருந்தது. தன் வாழ்நாளில் அப்படியொரு சகுராவை அவர் அச்சடித்ததில்லை. இந்த வித்தை தன்னோடு இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. கிண்ணத்தையும் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"யாரு கைன்னு கேட்டேன்," என்றார் ஜின்பாச்சி.

டொமெசோ தன் வேலைப் பலகையிலிருந்து எழுந்து வந்து, நெற்றி பாயைத் தொடக் குனிந்தான். "இந்தப் படத்துல பூ என் பொறுப்பு. சிவப்புக் கட்டையை நான்தான் அடிச்சேன். தூரிகையை ஒழுங்காக் கழுவாம விட்டிருப்பேன். என் தப்புதான்."

உண்மையாகவே அவன் அப்படித்தான் நம்பினான். கடைசி நாளில் மாமனார் உட்கார்ந்து அடித்த தாள்களும் தான் கலந்து வைத்துவிட்டுப் போன நிறத்தில் அடித்தவை என்றே நினைத்திருந்தான்.

ஜின்பாச்சி ரிஹெய்யைப் பார்த்தார். "முதலாளி ரெண்டுல ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்காரு. தப்பு பண்ணின கை இந்தப் பட்டறையை விட்டுப் போகணும். இல்லேன்னா அச்சுக் கட்டையிலேருந்து உங்க பேரைத் தோண்டி எடுத்துடுவோம். இனிமே எங்க படம் எதுலயும் ரிஹெய்னு வராது."

ஓவியர் பெயர் பெரிதாக வரும். பதிப்பாளர் அடையாளம் வரும். நாள் முழுக்க முதுகு வளைத்து அச்சடிப்பவன் பெயரை யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ரிஹெய்யின் தாத்தா தன் பெயருக்கு ஒரு மூலை வாங்கினார். மகன் அந்தப் பெயரையே சூடிக்கொண்டார். பேரனும் அதையே சூடிக்கொண்டார். இவர் மூன்றாவது ரிஹெய். ஆண் வாரிசு இல்லாததால் டொமெசோவை மருமகனாகவும் மகனாகவும் சுவீகரித்து, நாலாவது ரிஹெய் ஆக்குவதாக வைத்திருந்தார்.

வாய் திறக்க ஒரு மூச்சு போதும். ரிஹெய் குனிந்து மூலையிலிருந்த முத்திரையைப் பார்த்தார். மூச்சு வந்தது. சொல் வரவில்லை.

"சரி, புரிஞ்சுது," என்று அவர் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஜின்பாச்சி எழுந்தார்.

மறுநாள் காலை டொமெசோ, தாளைக் கட்டைமேல் அழுத்தும் தன் தேய்ப்பு வட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டான். மூங்கில் நாரை முறுக்கி, மேலே மூங்கில் பாளை போர்த்தி அவனே செய்தவை. அச்சுக்காரன் அதை மட்டும் யாருக்கும் விட்டுப் போகமாட்டான். "அப்பா, நுயியைப் பாத்துக்கோங்க. செஞ்சுல அண்ணனோட வயல்லதான் இருப்பேன்," என்றான். ரிஹெய் தலையை அசைத்தார்.

அவன் போனபின் ஓநுயி அப்பாவின் காலைச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சோறு, மிசோ சூப், ஊறுகாய். அவற்றின் பக்கத்தில் காலியான மாவுப் பெட்டி.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"நேத்து. உன் கை ஊசிக்குப் போனப்ப."

"அப்ப அவர் தலை குனிஞ்சதுக்கு முன்னாடியே."

ரிஹெய் சூப்பைக் குடித்தார். "நீ சொல்லியிருக்கலாமே," என்றார் கடைசியில்.

"நான் சொன்னா புருஷனுக்காகப் பொண்டாட்டி பேசினதாப் போயிடும். நீங்க சொன்னாதான் வீடு சொன்னதா ஆகும். வீட்டை விட்டுக் கொடுக்கற பொண்ணா என்னை வளக்கலையே நீங்க."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. அப்பாவுக்கு வேண்டியதை நேரத்துக்குச் செய்தாள். கருவுற்றிருந்த அவளுக்கு ஐந்தாம் மாதத்தில், சுலபமாகக் குட்டி போடும் நாயின் பெயர்கொண்ட நாள் பார்த்து, சுகப்பிரசவம் வேண்டி வயிற்றுக்குப் பட்டை கட்டும் சடங்கு வந்தது. கணவன் உட்கார வேண்டிய இடத்தில் அவளே ஒரு திண்டைப் போட்டு வைத்தாள். உறவினர்கள் அந்தக் காலித் திண்டைப் பார்த்துவிட்டு ரிஹெய்யைப் பார்த்தார்கள். பெயரைக் காப்பாற்றியதாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திண்டின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. எடோக்காரர்கள் மாலையில் கூடிப் பேய்க்கதை சொல்லி உடம்பைச் சிலிர்க்க வைத்துக்கொள்ளும் பருவம். ஒருநாள் காலை ஜின்பாச்சி வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்.

"பெரியவரே, இன்னும் உசிரோடதான் இருக்கீங்களா? உங்க சகுரா செத்தும் ஆட்டம் போடுது."

திரும்பி வந்த தாள்களைக் கடையில் பழைய காகிதத்தோடு எறிந்திருந்தார்கள். அதிலொன்றை ஒரு பணக்கார ரசிகர் எடுத்துப்போய், பேய்க்கதைக் கூட்டத்தில் மாட்டிவைத்தாராம். ஒவ்வொரு கதைக்கும் ஒரு விளக்காக அணைய அணைய, கறுத்த சகுராவுக்குக் கீழே நடந்துபோகும் பெண்களைப் பார்த்து வந்தவர்கள் வெலவெலத்துப் போனார்களாம். இப்போது ஊரில் வசதியுள்ளவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைக் கேட்கிறார்கள்.

"முதலாளி ஒரே குஷில இருக்காரு. அந்தத் திருட்டுக் கை டொமெசோவைக் கூப்பிடுங்க. எப்படிக் கறுக்க வெச்சான்னு கேளுங்க. இந்தத் தடவை மூலைல அவன் பேரையே போடறோம்."

ரிஹெய் தேய்ப்பு வட்டைக் கீழே வைத்தார். அடுப்பங்கரையில் காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"அவன் கை இல்ல அது," என்றார். "சுண்ணம் இல்லாம, என் பொண்ணோட முகத்து மாவைக் கலந்தேன். நான் பண்ணின தப்பு. அதை அவன் தலைல விட்டுட்டேன்."

ஜின்பாச்சி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அப்படிப் போடுங்க. திட்டு வாங்கறப்ப மருமகன் கை. ஊரு மெச்சறப்ப மாமனார் கையா? வயசானவர்னு மரியாதை வெச்சிருந்தேன் பெரியவரே. பொண்ணோட மாவைத் திருடற கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம்."

ரிஹெய்யின் முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. முகம் மட்டும் வெளிறிப்போனது. வசந்தத்தில் சொல்லியிருந்தால் இது ஒப்புதல். இப்போது பேராசை. ஒரே உண்மைதான். அவர் அதைக் கெட்டுப்போகும்வரை வைத்திருந்துவிட்டார்.

"நீங்க நம்ப வேண்டாம்," என்றார். "ஆனா ஒரு நோயாளியை அழவெச்ச படத்தை நான் திரும்ப அடிக்கமாட்டேன். என் பேரும் அதுல வரக் கூடாது."

"நீங்க அடிக்கலேன்னா ஊர்ல வேற ஆளா இல்ல? கட்டை எங்களோடது. வெறும் மை போட்டாலும் கறுப்புதான். பேரை நாங்களே தோண்டிக்கறோம்."

"செதுக்கறவர்கிட்ட கட்டையை நானே எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமாப் போங்க. டொமெசோகிட்ட நான் பேசிக்கறேன்."

செதுக்குபவர் காகுஸோவும் ரிஹெய்யும் சிறு வயதிலிருந்து ஒரே தெருக்காரர்கள். காகுஸோ கட்டையை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். மலைச் சகுரா மரத்துக் கட்டை. பூவைச் செதுக்கும் கட்டையும் சகுராதான். அதைப்போல உறுதியான, நெருக்கமான மரம் வேறில்லை.

"உன் பேரைக் கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவேன்," என்றார் காகுஸோ. "தோண்டறதுக்குத்தான் கண்ணைத் திறக்கணும் போல இருக்கு. என்னடா ஆச்சு உனக்கு? மருமகனை விரட்டினே, இப்ப உன்னையே விரட்டறியா?"

"கேக்காம செய்."

"கேக்காம செய்யறதுக்கு நான் உன் பொண்ணா? சரி, பொடிப்பொடியா எடுக்கவா, முழுசாவா?"

"முழுசா."

உளி முத்திரையைச் சுற்றி நாலு பக்கமும் இறங்கியது. காகுஸோ அடியில் நெம்பினார். விரல் நகமளவு துண்டு ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. ரிஹெய் என்ற எழுத்து அதில் இடவலம் மாறி நின்றது. குழியில் வேறொரு சகுராத் துண்டை இறுக்கி அடைத்து, தட்டி, சமன் செய்தார். அந்த இடத்தில் இனி ஒன்றும் விழாது. ரிஹெய் துண்டைக் காகிதத்தில் மடித்து இடுப்புப் பட்டைக்குள் வைத்துக்கொண்டார். அங்கிருந்தே செஞ்சுவுக்கு நடந்தார்.

டொமெசோ வெங்காயத்தாள் வயலில் மண் அணைத்துக்கொண்டிருந்தான். வெயிலில் கறுத்திருந்தான். மாமனாரைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிவிட்டு வணங்கினான். பக்கத்தில் வரவில்லை.

"ஜின்பாச்சி வந்துட்டுப் போனாரு," என்றான். "என் பேரையே போடறாங்களாம். நீங்க அது உங்க கைன்னு சொல்றீங்களாம்."

"ஆமா."

"பழி எனக்கு, பேரு உங்களுக்கா, அப்பா?"

ரிஹெய் காகிதத்தைப் பிரித்து நீட்டினார். டொமெசோ மண் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். அது என்னவென்று புரிந்ததும் அவன் விரல்கள் அப்படியே நின்றன.

"பேரு கேட்டு வரல," என்றார் ரிஹெய். "சுண்ணம் தீந்து போச்சு. நுயியோட மாவைப் போட்டேன். நீ இங்க உங்கம்மா பூசைக்கு வந்திருந்த அன்னிக்கு."

டொமெசோ வயலைப் பார்த்தான். நினைவு எங்கேயோ போய் எதையோ எடுத்துவந்தது அவன் முகத்தில் தெரிந்தது.

"அன்னிக்கு நான் வீட்டுக்குத் திரும்பினப்ப கிண்ணம் கழுவிக் கவுத்து வெச்சிருந்துச்சு," என்றான் மெதுவாக. "நீங்க கிண்ணம் கழுவி நான் பாத்ததேயில்ல. எனக்காகக் கழுவி வெச்சீங்கன்னு நெனச்சேன். அம்மா ஞாபகத்துல வர்றவனுக்கு வேலை வைக்க வேண்டாம்னு. ரொம்ப சந்தோஷப்பட்டேன் அப்பா."

ஜின்பாச்சியின் சிரிப்பைத் தாங்கிய ரிஹெய்யின் முதுகு இப்போது லேசாகத் தளர்ந்தது.

"அப்படின்னா நான் தலை குனிஞ்சப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நுயிக்கு?"

"அவளுக்கும் தெரியும். நான் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருந்தா. அவ மேல கோபப்படாதே. என் பொண்ணா இருந்த பாவம்."

டொமெசோ கீழே உட்கார்ந்துவிட்டான். தூரத்தில் அவன் அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து வேலையைத் தொடர்ந்தார். ரிஹெய் வரப்பில் நின்றபடியே இருந்தார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"ஜின்பாச்சிகிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்," என்றான் டொமெசோ. "என் கை செய்யாத வேலைல என் பேரு வேண்டாம். குழந்தை பொறக்கப் போகுது. வீட்டுக்கு வர்றேன். சிப்பிச் சுண்ணம் போட்டு, இருக்கற கட்டை எதுலயாவது ஒரு நல்ல சகுரா அடிச்சு அந்த விடுதிக்குக் கொடுத்துட்டு வரணும். அந்தப் பெரியவரு உசிரோட இருந்தா அவர்கிட்டயும் சொல்லணும், அது சாவு இல்ல, மாவுன்னு."

"நானே போய்ச் சொல்றேன்."

"அது உங்க இஷ்டம்." மரத்துண்டை அவர் கையில் திருப்பி வைத்தான். "ஒண்ணு மட்டும். நாலாவது ரிஹெய்னு என்னைக் கூப்பிட வேண்டாம். டொமெசோவாவே இருந்துட்டுப் போறேன். பொறக்கறது பையனா இருந்தா, வளந்து எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அவனுக்கு வேணும்னா வெச்சுக்கட்டும்."

தானே அன்றே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் டொமெசோவுக்குப் போயிருக்கும் பெயரை, ரிஹெய் இடுப்புப் பட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

கறுத்த சகுரா வேறு பட்டறையில் வெறும் மையில் அச்சாகி வந்தது. அந்தக் கோடை முழுக்கக் கடைகளில் தொங்கியது. மூலையில் யார் பெயரும் இல்லை. ரிஹெய் ஒரு கடையைக் கடக்கும்போது நின்று பார்த்தார். அடைப்புத் துண்டின் விளிம்பு ஒரு மயிரிழை மேலே நின்றிருக்க வேண்டும். வெறுமையான மூலையில் ஒரு சிறு சதுரம் மங்கலாக விழுந்திருந்தது. வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது.

பட்டறையில் அவர் டொமெசோவின் பலகையை ஜன்னலோரத்துக்கு, தன் இடத்துக்கு மாற்றிப் போட்டார். தன் பலகையை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓநுயி பார்த்தாள். அன்று தட்டில் வழக்கத்தைவிடப் பெரிய மீன் துண்டு இருந்தது.

வாக்குக் கொடுத்தபடி ஒரு காலைப்பொழுதில் டொமெசோ வந்தான். வீட்டு ஆள் வெளியே போய்விட்டு வந்தால் வாசலில், வந்துட்டேன் என்று குரல் கொடுத்துக்கொண்டே நுழைவான். உள்ளே இருப்பவர்கள், வா வா என்பார்கள். வெளியாட்கள்தான் நின்று அனுமதி கேட்பார்கள். ரிஹெய் வாசல் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்ததால் காலடிச் சத்தம் அவர் காதில்தான் முதலில் விழுந்தது. நிமிர்ந்து, வா என்று சொல்ல வாயைத் திறந்தார்.

வாசல் திரைக்கு அப்பால் காலடி நின்றது. தேய்ப்பு வட்டு மூட்டை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும்," என்றான் டொமெசோ. "வீட்ல யாராவது இருக்கீங்களா? உள்ள வரலாமா?"